ஆறு மணி நேரத்தில் பாதி

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், படிக்கட்டு முடிகிற இடத்தில், கனத்த கதவு ஒன்று இருந்தது. உள்ளே ஈயத்தகடு வைத்து அடித்த கதவு. தள்ளித் திறப்பதற்குள் மெலிந்தவர்களுக்கு மூச்சு வாங்கிவிடும். கதவுக்குப் பின்னால் ஈயச் செங்கல் அடுக்கிய மேசை. மேசைமேல் சின்ன வாளி அளவுக்கு ஒரு பாத்திரம். அங்கே வேலை செய்கிறவர்கள் அதைப் 'பசு' என்பார்கள். வாரத்துக்கு ஒரு பசு, திங்கட்கிழமை காலையில் வேனில் வந்து இறங்கும். தினமும் விடிந்ததும் டெக்னீஷியன் அம்மா அதில் உப்புநீரைச் செலுத்திக் கறப்பார். வருவது பால்போல வெள்ளையாக இருக்காது, குடிதண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். அந்தத் தண்ணீரில்தான் டெக்னீஷியம் இருந்தது.

டெக்னீஷியம் ஓர் உலோகம். வெள்ளிபோன்ற சாம்பல் நிறம் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அந்த அம்மா பதினோரு வருஷமாக அதைக் கையாள்கிறார், ஒருநாளும் அந்த நிறத்தைக் கண்ணால் கண்டதில்லை. அவ்வளவு கொஞ்சம். பூமியைத் தோண்டி எடுக்கிற சங்கதியும் அல்ல, மனிதர்கள் செய்துகொள்ள வேண்டும். பிறந்த நொடியிலிருந்து கரைய ஆரம்பித்துவிடும், ஆறு மணி நேரத்தில் பாதி போய்விடும். கரையும்போது அது விடுகிற கதிர், உடம்புக்குள்ளிருந்து வெளியே வந்து, எந்த எலும்பில் என்ன கோளாறு என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுக்கும். வந்த காரியத்தை முடித்துவிட்டு, இருக்கிற இடம் தெரியாமல் கிளம்பிவிடுகிற நல்ல விருந்தாளி என்று அவர் நோயாளிகளிடம் சொல்வதுண்டு. பயந்து வருகிறவர்கள் அதைக் கேட்டுக் கொஞ்சம் சிரிப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. ஐம்பது வயது. அரசாங்கத்தில் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் பறிமுதல் செய்வதும் அவர் வேலை. மூன்று மாதமாக முதுகுவலி. இரத்தப் பரிசோதனையில் வந்த ஓர் எண்ணைப் பார்த்து டாக்டர் புருவத்தைச் சுருக்கினார், எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார்.

"சிஸ்டர், இந்த ஊசியில எவ்வளவு இருக்கு?"

"நான் சிஸ்டர் இல்ல சார், டெக்னீஷியன். எடையா கேக்கறீங்க?"

"எடைதான் எனக்குப் புரியும்."

"ஒரு உப்புக் கல்ல லட்சக்கணக்கான துண்டா நறுக்கினா, அதுல ஒரு துண்டு."

"அத எந்தத் தராசுல போட்டீங்க?"

"தராசுல நிக்காது சார். அது விடற கதிர எண்ணித்தான் அளப்போம். கைய நீட்டுங்க."

ஊசி குத்துவதற்குமுன் அந்த அம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் அப்படிச் செய்வார். யாரும் கவனித்ததில்லை. ஆய்வாளர் கவனித்தார், ஆனால் கேட்கவில்லை.

"நிறைய தண்ணி குடிங்க. பன்னெண்டு மணிக்குப் படம் எடுப்போம். இன்னைக்கு முழுக்கச் சின்னக் குழந்தைங்கள மடியில வெச்சுக்காதீங்க. தள்ளி இருந்தா போதும், தூரம் ரெண்டு மடங்கானா அளவு நாலுல ஒண்ணாயிடும்."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னா எவ்வளவு?"

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவ பாதியாகும் சார்."

"அப்புறம்?"

"அதுல பாதி."

"அப்புறம்?"

"அதுலயும் பாதி."

"அப்போ பூஜ்யம் எப்போ வரும்?"

வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். கறந்தது நிமிஷத்துக்கு நிமிஷம் குறைந்துகொண்டிருந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "கணக்குப் போட்டுப் பார்த்தா வரவே வராது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. ஆனால் அந்த வார்த்தை யார் வீட்டுக்குப் போகிறது, அங்கே போய் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. நமக்கும் பலநேரம் தெரிவதில்லை.

ஆய்வாளர் அப்படித் துருவிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு அவருடைய தங்கை வருகிறாள், ஏழு வருஷத்துக்குப் பிறகு.

அவருக்குப் பதினெட்டு வயதிலும் அவளுக்கு ஆறு வயதிலும் அப்பா அம்மா இருவரும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். தன் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க முதலில் நேரம் கிடைக்கவில்லை, பிறகு துணிச்சல் கிடைக்கவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயதானபோது, தானே பார்த்துப் பிடித்துப்போன ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். பஸ் டெப்போவில் மெக்கானிக். கூடவே அவன் தாயாரும் வந்திருந்தார். ஆய்வாளர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்தத் தாயார் காதில் விழும்படியாக, "எடை குறையுதே" என்றார்.

தொழில் வார்த்தை, நாக்கின் நுனியிலேயே இருந்தது. அந்தத் தாயார் எழுந்து நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டு, "வர்றோம்" என்றார். மறுநாள் தங்கை பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன மாதம் ஒரு போன். "அண்ணா, பாப்பாவுக்கு ரெண்டு வயசாகுது. மாமான்னு ஒருத்தர் இருக்கார்னு அவளுக்குத் தெரியணும். வர்ற பதினெட்டாம் தேதி வர்றேன். மூணு நாள் இருப்பேன்." அவர் "சரி" என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிறகுதான் பார்த்தார், ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தேதியும் பதினெட்டு. ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த தேதி, தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தங்கையிடம் 'அடுத்த வாரம் வா' என்று சொல்லலாம். ஏழு வருஷத்துக்குப் பிறகு கதவைத் தட்டுகிறவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். உண்மையைச் சொல்லலாம். அதற்கும் அவர் துணியவில்லை. 'அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பாவம்' என்று அவள் மன்னிப்பது அவருக்கு வேண்டாம். மன்னிப்பு கிடைத்தால் முழு எடையில் கிடைக்க வேண்டும், பரிதாபத்தைத் தட்டில் போட்டுச் சரிக்கட்டியதாக இருக்கக் கூடாது. இப்படி நினைப்பதும் ஒருவகைத் திமிர்தான். ஆனால் அவர் அதை அன்று நேர்மை என்று நினைத்தார்.

இரண்டு வாரமாக வீட்டைத் தயார்செய்தார். சாப்பாட்டு மேசையின் நான்கு முனைகளிலும் பழைய துண்டைச் சுற்றிக் கட்டினார். கீழ்த்தட்டில் இருந்த பித்தளை எடைக்கற்களை மேலே ஏற்றினார். ஒருநாள் தரையில் மண்டியிட்டு அறை அறையாக ஊர்ந்துபோனார், இரண்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு என்னென்ன எட்டும் என்று பார்க்க. கட்டிலுக்கடியில் பழைய ஆணி ஒன்று கிடந்தது. அதை எடுத்தபோது அவருக்கு ஏனோ அழுகை வந்தது.

இத்தனையும் செய்தவர், குழந்தை வந்து இறங்கியதும் ஓடினார்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய குழந்தை வாசலில் செருப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை. வழியெல்லாம் 'மாமா வீடு, மாமா வீடு' என்று தங்கை சொல்லிக்கொடுத்திருப்பாள் போலும். நேரே வந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றது. அவர் இரண்டு அடி பின்னால் போனார். குழந்தை இரண்டு அடி முன்னால் வந்தது. அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றார்.

"என்னண்ணா, குழந்தையப் பார்த்துக் கடன்காரனப் பார்த்த மாதிரி ஓடற?" என்று தங்கை சிரித்தாள். முகம் கொஞ்சம் வட்டமாகியிருந்தது. காதோரம் நான்கைந்து நரைமுடி. அந்த நரைகள் வந்த நாட்களில் தான் பக்கத்தில் இல்லை என்று அவர் நினைத்தார்.

"எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்."

"மூக்கு நல்லாத்தானே இருக்கு."

"உள்ளுக்குள்ள இருக்கு."

அவள் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

குழந்தைக்கோ அது விளையாட்டாகிவிட்டது. அது போனால் மாமா ஓடுவார். ஓடினால் அது கிளுகிளுவென்று சிரிக்கும். சிரித்துவிட்டு மறுபடியும் துரத்தும். வீடு முழுவதும் அந்தச் சிரிப்பு நிறைந்திருந்தது. ஐம்பது வயது மனிதர் நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றுகொண்டு, அது நெருங்க நெருங்கத் தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

மறுநாள் 'ஒன்றும் இல்லை' என்று டெக்னீஷியன் சொன்ன நாள். ஆய்வாளர் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டார். ஒன்பது மணிக்கு ஒன்று. மூன்று மணிக்குப் பாதி. இராத்திரி ஒன்பதுக்குக் கால். விடிந்து ஒன்பது மணியாகும்போது பதினாறில் ஒன்று. பதினாறில் ஒன்று குறைத்து நிறுக்கிற கடைக்காரனை அவர் வாழ்நாளில் விட்டதில்லை. அதை எப்படி ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வது? அதுவும் ஒரு குழந்தையின் உடம்பு விஷயத்தில்.

வியாழக்கிழமை காலை இருநூற்று ஐம்பத்தாறில் ஒன்று. மனசு கொஞ்சம் இளகியது. மத்தியானம் தூக்கிவிடலாம் என்று நினைத்தார். அப்போதுதான் ஒரு காரியம் செய்தார். போனில் அந்த உலோகத்தின் பெயரைத் தட்டி, அதைப் பற்றிப் படித்தார். ஆறு மணி நேரத்தில் பாதியாகிற டெக்னீஷியம் அழிந்து காணாமல் போய்விடுவதில்லை, அதே உலோகத்தின் இன்னொரு வகையாக மாறுகிறது, அந்த வகை பாதியாவதற்கு இரண்டு லட்சம் வருஷத்துக்குமேல் ஆகும் என்று எழுதியிருந்தது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். காலண்டர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் குழந்தை கூடத்தில் பாய்மேல் தூங்கியது. தங்கை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் வாசல்படியில் நின்று பார்த்தார். ஒரு கால் பாய்க்கு வெளியே நீண்டிருந்தது. பாதத்தின்மேல் செருப்பு வார் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அந்தத் தடத்தை ஒருமுறை தடவிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது. நாலு அடி தூரம். தங்கையும் இதே கூடத்தில் இப்படித்தான் ஒரு காலை வெளியே நீட்டித் தூங்குவாள். அப்போது போர்வையை இழுத்துவிடுவார். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மனிதனுக்குக் கடவுள் கையைக் கொடுத்ததே இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் இருக்கும் என்றும், அது கட்டியிருக்கிறது என்றும் நினைத்தார்.

தங்கை மடித்த துணியோடு வந்து அவரைப் பார்த்தாள்.

"தூங்கும்போதுகூடப் பக்கத்துல போக மாட்டியா?"

துணியை நாற்காலியில் வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அவ அப்பா மேல இருக்கற கோபத்த அவ மேல காட்டாதண்ணா. எடை குறையறதுக்கு அவ இன்னும் வளரவே இல்ல."

"அப்படி இல்லம்மா."

"பின்ன எப்படி?"

வாயைத் திறந்தார். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பசு, இரண்டு லட்சம் வருஷம் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

"நாளைக்குப் பத்தரைக்கு எனக்குப் பஸ்" என்றாள் தங்கை. பெட்டியைக் கட்டிலின்மேல் வைத்துத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் எட்டரைக்கே சட்டையை மாட்டிக்கொண்டார். ஸ்கேன் முடிவு ஒன்பது மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பத்து மணிக்குள் திரும்பிவிடலாம்.

"ஒரு அவசர வேலை. வந்துடறேன்."

"வழியனுப்பக்கூட இருக்க மாட்டியா?" என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தை அவரைப் பார்த்துவிட்டு, ஓடத் தயாராக, மேசையின் அந்தப் பக்கம் போய் நின்று சிரித்தது.

கீழ்த்தளத்தில் அன்று கூட்டம். ஒன்பதேகால் ஆகியும் முடிவு கைக்கு வரவில்லை. பெஞ்சில் ஒரு கர்ப்பிணிப் பெண் தன் மாமனாரோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் ஆய்வாளர் எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். கோப்போடு வெளியே வந்த டெக்னீஷியன் அதைப் பார்த்தார்.

"சார், உட்காருங்க. ஏன் சுவரோட சுவரா நிக்கறீங்க?" என்றவர், காகிதத்தை எடுத்து நீட்டினார். "முடிவு சொல்றது என் வேலை இல்ல, டாக்டர்தான் சொல்லணும். ஆனா அவரே கீழ எழுதி அனுப்பியிருக்கார், எலும்புல ஒண்ணும் இல்லன்னு. மத்ததுக்கு மாத்திரை போதுமாம். நிம்மதியா போங்க."

"அது சரிம்மா. மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"எது மிச்சம்?"

ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தார். "நாலாயிரத்துத் தொண்ணூத்தாறுல ஒண்ணு. இன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்கு. ரெண்டு லட்சம் வருஷம் இருக்கற வகை தனி."

டெக்னீஷியன் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

"சார், வீட்டுல குழந்தை இருக்கா?"

"தங்கச்சி குழந்தை. ரெண்டு வயசு. மூணு நாளா நான் தொடல. பத்தரைக்குப் பஸ்."

"ஆண்டவா" என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். "உள்ள வாங்க."

ஈயக் கதவைத் தள்ளி உள்ளே அழைத்துப் போனார். மேசையிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு மீட்டரை எடுத்தார். ஆய்வாளரின் கண் முதலில் அதன் பக்கவாட்டில் போயிற்று.

"இத யார் சோதிச்சது? எப்போ?"

அந்த நேரத்திலும் டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வந்தது. சோதித்த தேதி ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினார்.

"தெரிஞ்ச ஒண்ண வெச்சு முதல்ல காட்டுங்க. அப்பதான் நம்புவேன்."

அன்று காலை போட்ட ஊசிகள் கிடந்த ஈயப் பெட்டியைத் திறந்து மீட்டரைப் பக்கத்தில் கொண்டுபோனார். மீட்டர் கீச்சென்று அலறியது. பெட்டியை மூடி, அறையைவிட்டு வெளியே வந்து, வராந்தாக் கடைசியில் இருந்த வெறும் சுவரில் வைத்தார். டிக், டிக் என்று இடைவெளி விட்டு ஒலித்தது. பன்னிரண்டு, பதினான்கு, பதினொன்று என்று எண்கள் மாறின.

"சுவர்ல ஏன் வருது?"

"எல்லாத்துலயும் வரும் சார். கல்லு, மண்ணு, காத்து, வானம். நாம பிறந்ததுலேந்து இதுக்குள்ளதான் இருக்கோம். இப்ப நீங்க."

மீட்டரை அவர் நெஞ்சில் வைத்தார். முதுகில் வைத்தார். இடுப்பில் வைத்தார். பதின்மூன்று, பதினொன்று, பன்னிரண்டு. ஆய்வாளர் ஒவ்வொரு எண்ணையும் உதட்டை அசைத்துப் படித்தார்.

"சுவருக்கும் உங்களுக்கும் இந்த மீட்டரால வித்தியாசம் சொல்ல முடியல. மிச்சத்துக்கு நீங்க போட்ட கணக்குல, தண்ணி குடிச்சு சிறுநீரோட வெளிய போனத சேர்க்கவே இல்ல. அந்த ரெண்டு லட்சம் வருஷம் இருக்கே, அது பயப்பட வேண்டிய நம்பர் இல்ல சார். அவ்வளவு மெதுவா அழியறதுன்னா, கதிர் விடறதே எப்பவோ ஒண்ணுன்னு அர்த்தம். அவசரப்படறதுதான் சூடு. இது தூங்குமூஞ்சி உலோகம்."

"இருந்தாலும் பூஜ்யம் இல்லையே."

"உங்க தராசுல ஒரு தூசி விழுந்தா முள் நகருமா?"

"நகராது."

"அப்ப தூசிக்கு எடை இல்லையா?"

"இருக்கு. ஆனா பிழை வரம்புக்குள்ள..." என்று ஆரம்பித்த ஆய்வாளர் நிறுத்தினார். இருபத்தெட்டு வருஷமாகக் கடைக்காரர்களுக்கு அவரே சொல்லி வந்த வார்த்தை. உலகத்தில் எந்தத் தராசும் முழுச் சரி கிடையாது, இந்தக் கோட்டுக்குள் இருந்தால் சரி என்று எழுது, முத்திரை குத்து. அந்தக் கோடு இல்லாவிட்டால் ஊரில் ஒரு கடையும் திறக்க முடியாது. அடுத்தவன் தராசுக்குக் கொடுத்த கோட்டை அவர் தனக்குக் கொடுக்கவில்லை.

"மூணு நாள்" என்றார்.

"வரவே வராதுன்னு நான் அன்னைக்கு விளையாட்டா சொல்லிட்டுப் போயிட்டேன். நின்னு ஒரு நிமிஷம் விளக்கியிருக்கணும். தப்பு என்னோடதுதான் சார்" என்றார் டெக்னீஷியன். கண் கலங்கியிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தாகப் போகுது. நானே வண்டில கொண்டுபோய் விட்டிருப்பேன். ஊசில மருந்து எடுத்து வெச்சுட்டேன், அது காத்திருக்காது."

அந்த அம்மா படியேறிப் போய்க் கேட்டில் நின்ற காவலாளியிடம் ஏதோ சொன்னார். இரவு வேலை முடித்துச் சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகவிருந்தவர். கண் இரண்டும் சிவந்திருந்தது. பைக்கைக் கிளப்பிக்கொண்டு ஆய்வாளரைப் பார்த்து, "ஏறுங்க சார், எனக்கும் அந்தப் பக்கம்தான்" என்றார். அவர் வீடு நேர் எதிர்த்திசையில் என்பது ஆய்வாளருக்குத் தெரியாது, தெரியவும் விடவில்லை. உலகம் ஓடுவது இப்படிப்பட்ட பொய்களாலும்தான்.

முதலில் வீட்டுக்குப் போனார்கள். கதவு பூட்டியிருந்தது. பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபத்தெட்டு. பஸ் பின்னால் நகர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் தங்கை தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஆய்வாளர் ஓடினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

தங்கை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்ன விட்டுட்டு வந்துட்டேன்?"

"ஒண்ணும் விடல. நிக்கச் சொல்லு."

கண்டக்டர் விசில் அடித்தார். ஆய்வாளர் படியில் ஏறினார். இருவர் உட்காரும் சீட்டு, ஜன்னலோரம் தங்கை, அவள் மடியில் குழந்தை. பக்கத்து இடத்தில் இருந்த பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பஸ் நிலையத்தைவிட்டு வெளியே வந்து மெயின் ரோட்டில் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். வரிசை தப்பி, முன்னும் பின்னுமாக. உலோகம் முதலில் வந்தது, முதுகுவலி கடைசியில் வந்தது.

தங்கை அவர் பக்கம் திரும்பினாள்.

"எலும்புல ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்க."

"காட்டு." காகிதத்தை வாங்கி இரண்டுதரம் படித்தாள். மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள், அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவ எவ்வளவு குறையுதுன்னு தாள் போட்டு எழுதினியே. பக்கத்து ரூம்ல நான் எப்படி அழுதேன்னு எழுதினியா?"

"தப்புதான்."

"ஒரு வார்த்த சொன்னா என்ன? நான் பரிதாபப்பட்டா உனக்கு என்ன குறைஞ்சிடும்? நீ எனக்குப் பின்னல் போட்டது பரிதாபம் இல்லையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அத நான் அப்படி நினைச்சதில்ல."

"அப்ப நான் மட்டும் நினைப்பேனா?"

குழந்தை இதையெல்லாம் கேட்கவில்லை. இவ்வளவு பக்கத்தில் மாமா உட்கார்ந்திருப்பதைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு விரலை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டது. தொட்டுவிட்டுச் சிரிக்கத் தயாரானது. அவர் ஓடவில்லை. மறுபடியும் தொட்டது. அவர் அசையவில்லை. குழந்தையின் முகத்தில் ஏமாற்றமும் யோசனையும் மாறி மாறி வந்தன. விளையாட்டு ஏன் நின்றது என்று அதற்குப் புரியவில்லை.

"இந்தா" என்று தங்கை குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "எடை எவ்வளவுன்னு மட்டும் சொல்லாத. சொன்னே, இறக்கிவிட்டுடுவேன்."

அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எதையும் அளக்கிற நிலையில் அவர் இல்லை. குழந்தையின் உச்சந்தலையில் வெயிலும் சோப்பும் கலந்த வாசனை வந்தது. ஏழு வருஷம், அதில் இரண்டு வருஷம் இந்தக் குழந்தை இருந்த வருஷம், அதில் கடைசி மூன்று நாள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நாட்கள். போனது போனதுதான். மடியில் இருந்தபோதே அதுவரை மடியில் இல்லாத நாட்களுக்காக அவர் நெஞ்சு ஏங்கியது. அந்த ஏக்கத்தையும் கடவுள் ஏதோ நல்லதுக்குத்தான் கொடுத்திருப்பார், இல்லாவிட்டால் கையில் இருப்பதை இவ்வளவு மென்மையாகப் பிடிக்க மனிதனுக்குத் தெரியாது.

கண்டக்டர் வந்து நின்றார். "எங்க சார் இறங்கணும்?"

ஆய்வாளர் விழித்தார். தங்கை குடியிருக்கும் ஊரின் பெயர் தெரியும். எந்த ஸ்டாப் என்று தெரியாது. ஏழு வருஷத்தில் ஒருதரம்கூடப் போனதில்லை.

"இவங்க இறங்கற இடத்துல" என்றார்.

தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஆபீஸ்?"

"போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

"மாத்துத் துணி?"

"மாப்பிள்ளை அவரோட சட்டை ஒண்ணு கொடுக்க மாட்டாரா?"

"உனக்குப் பெரிசா இருக்கும்."

"இருக்கட்டும். அவர்கிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் ஒரு வார்த்த பேசணும். அவங்க இன்னும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. காது மட்டும் கொஞ்சம் மந்தம். நீ உரக்கச் சொல்லணும்" என்றாள் தங்கை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னொரு டிக்கெட்டும் கொடுக்கும்படி கண்டக்டரிடம் சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பஸ் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் நின்றது. மற்றவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். குழந்தை அவர் மார்பில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்காக வழியிலேயே குழந்தையோடு ஜன்னலோரம் மாறி உட்கார்ந்திருந்த ஆய்வாளருக்கு ஒரு கால் மரத்துப்போயிருந்தது. நீட்டவில்லை. தங்கை மட்டும் இறங்கிப்போய்த் தண்ணீர் வாங்கிக்கொண்டு, பஸ்ஸைச் சுற்றி வந்து, ஜன்னல் வழியாக நீட்டினாள். அவருடைய இரண்டு கையும் குழந்தையின்மேல் இருந்தன. அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு குதிகாலை உயர்த்தி எம்பி, பாட்டிலைத் திறந்து, அவர் வாயருகே பிடித்தாள்.